தகட்டின் நடுவே இருந்த பள்ளம்

என் மகளுக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது அவளுடைய ஐஸ் ஹொக்கி ஸ்கேட்டுகளை நான் கெடுத்தேன். அதைத் தெரியாமல் செய்தேன். ஒரு கிழமைக்குப் பிறகு தெரிந்துகொண்டேன். தெரிந்த பின்னும் இருபத்துமூன்று வருடம் அவளிடம் சொல்லாமல் இருந்தேன். கெடுத்ததற்காக நான் அவ்வளவு வெட்கப்படவில்லை. சொல்லாமல் இருந்ததற்குத்தான் இப்போதும் முகம் சுடுகிறது.

நான் இலங்கையில் இயந்திரப் பொறியியல் படித்தவன். மெல்பேர்னுக்கு வந்து, ஸ்பிரிங்வேலில் வீடு எடுத்து, கார் உதிரிப்பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகனாக வேலை செய்தேன். காலையிலிருந்து மாலைவரை மைக்ரோமீட்டரும் கையுமாக நிற்பேன். ஒரு தலைமயிரின் தடிப்பில் பாதி பிசகினாலும் அந்தப் பாகத்தை ஒதுக்கிவிடுவேன். அப்படிப்பட்டவன் சொந்தப் பிள்ளையின் காலை ஒருநாளும் அளந்து பார்க்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் ஒருநாள் பிள்ளைகளை ஐஸ் தளத்துக்குக் கூட்டிப்போனார்கள். மகள் காற்சட்டையெல்லாம் நனைந்து வீட்டுக்கு வந்தாள். தான் ஹொக்கி விளையாடப் போவதாகச் சொன்னாள்.

"எங்கட ஆக்களில ஆர் பிள்ளை ஐஸில விளையாடினது?" என்றேன்.

"நான்தான் ஃபர்ஸ்ட், அப்பா."

ஆறு மாதம் விடாமல் கேட்டாள். அந்த ஆறு மாதமும் வாடகை ஸ்கேட்டில் ஓடப் பழகினாள்; கால் வீங்கினாலும் இடம் வேண்டும் என்று அதையும் பெரிதாகவே எடுக்கச் சொன்னேன். கடைசியில் யாரோ வீட்டுப் பழைய சாமான் விற்ற ஒரு கராஜ் சேலில் ஹொக்கி ஸ்கேட் ஒரு சோடி கண்டு வாங்கிவந்தேன். அவளுடைய சப்பாத்தைவிட இரண்டு அளவு பெரியது. பெரியது என்பதால்தான் எனக்குப் பிடித்தது. எங்கள் வீடுகளில் எல்லாமே அப்படித்தான் வாங்கினோம். பள்ளிச் சீருடையின் கீழ்மடிப்பை மூன்று தரம் அவிழ்த்து நீட்டுவோம். குளிர்ச்சட்டையின் கை விரல் நுனியையும் தாண்டித் தொங்கும். வளருகிற பிள்ளை என்று சொன்னால் அதற்கு மேல் பேச்சே இல்லை. மூன்று சோடி காலுறை போடச் சொன்னேன். முன்பக்கத்தில் பஞ்சு அடைத்துக்கொடுத்தேன். ஹொக்கி ஸ்கேட் வழக்கமான சப்பாத்தைவிடச் சிறியதாக இருக்கவேண்டும் என்பது எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

அடுத்தது தகடு. ஸ்கேட்டின் அடியில் மூன்று மில்லிமீட்டர் தடிப்பில் ஓர் உருக்குத் தகடு ஓடும். அதில் துரு பிடித்திருந்தது. ஒரு சனிக்கிழமை பகல் கராஜில் அதைத் தலைகீழாக மேசைப் பிடிகுறட்டில் பூட்டிப் பார்த்தேன். அடிப்பக்கத்தில், நடுவில், முன்னிருந்து பின்வரை மெல்லிய பள்ளம் ஒன்று ஓடியது. ஓடி ஓடித் தேய்ந்துவிட்டது என்று முடிவுகட்டினேன். நான் பரிசோதகன், தேய்மானம் எனக்குத் தெரியாதா? அரத்தை எடுத்தேன். பள்ளம் மறையும்வரை அராவினேன். பிறகு எமரித் தாளால் தேய்த்தேன். உருக்கு மட்டக்கோலைத் தகட்டின் குறுக்கே வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். ஒரு கீற்று வெளிச்சம்கூட ஊடே வரவில்லை. அவ்வளவு மட்டம். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"கண்ணாடி மாதிரி இருக்கு," என்றாள் அவள்.

அன்று எனக்கு இருந்த பெருமை இன்னும் நினைவிருக்கிறது.

அடுத்த நாள் ஐஸ் தளத்தில் சிறுமிகள் ஹொக்கி அணிக்கு ஆள் எடுத்தார்கள். மகள் நேராக ஓடினாள், அது அவளால் முடிந்தது. திரும்பச் சொன்னபோது திரும்ப முடியவில்லை. நிற்கச் சொன்னபோது நிற்க முடியவில்லை. விசில் ஊதியதும் மற்றப் பிள்ளைகள் பக்கவாட்டில் திரும்பிச் சரக்கென்று நின்றார்கள். இவள் மட்டும் கைகளை விரித்தபடி வழுக்கிக்கொண்டு போய்ப் பலகைச் சுவரில் மோதினாள். நாலைந்து தடவை அப்படி நடந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் தடுப்போரத்துக்கு வந்து என்னைப் பார்த்தாள்.

"அப்பா, ஸ்கேட் சறுக்குது."

"சறுக்கத்தானே பிள்ளை அதை வாங்கினது?" என்றேன். பக்கத்தில் நின்ற இன்னொரு தகப்பனுக்கு அதை ஆங்கிலத்திலும் சொன்னேன். இருவரும் சிரித்தோம்.

காரில் வரும்போது அவள் அழவில்லை. குதிக்காலைத் தடவிக்கொண்டிருந்தாள். நான் சொன்னேன்: "எல்லாருக்கும் எல்லாம் வராது. உனக்கு பலன்ஸ் இல்லை. வாற வருசம் சோதினை இருக்கு, படிப்பைப் பார்."

அடுத்த கிழமை அந்த ஸ்கேட்டுகளை விற்கலாம் என்று ஐஸ் தளத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே சாணை பிடிக்கும் மனிதர் ஒரு தகட்டைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். யார் இப்படிச் செய்தது என்று கேட்டார். பிறகு பொறுமையாக விளக்கினார். அந்தப் பள்ளம் வேண்டுமென்றே வெட்டப்படுவது. நடுவில் பள்ளம் இருப்பதால்தான் தகட்டின் இரண்டு பக்கமும் இரண்டு கூரான விளிம்புகள் நிற்கும். காலைச் சரிக்கும்போது அந்த விளிம்புதான் ஐஸைக் கடிக்கும். கடித்தால்தான் திரும்பலாம், நிற்கலாம். "இதைப் போட்டுக்கொண்டு யாராலும் நிற்க முடியாது," என்றார். பத்து நிமிடம் தந்தால் பள்ளத்தைத் திரும்ப வெட்டித் தருவதாகவும் சொன்னார்.

வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது என்று பொய் சொன்னேன். மகள் விளையாட்டை விட்டுவிட்டாள் என்றும் சொன்னேன். அது இன்னொரு பொய். அவள் விடுவதாக எனக்குச் சொல்லவே இல்லை. நான்தான் அவளுக்காக முடிவெடுத்தேன். சோதனை வருகிறது, இப்படியே விட்டால் நல்லது என்று என் மனம் கணக்குப் பார்த்தது. ஸ்கேட்டுகளை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன். வீட்டில் மகள் கேட்டபோது, யாரோ வாங்கிப் போட்டினம் என்றேன்.

அவள் நன்றாகப் படித்தாள். மருந்தாளராக வந்தாள். எங்கள் ஆட்களின் கலியாண வீடுகளில் அதைப் பற்றி நிறையவே பேசியிருக்கிறேன்.

போன வருடம், தன் முப்பத்தைந்தாவது வயதில், பெரியவர்களுக்கான தொடக்க வகுப்பு ஒன்றில் அவள் ஹொக்கிக்குச் சேர்ந்தாள். வாடகை ஸ்கேட் போட்டு இரண்டு காலிலும் கொப்புளம். தன் காலுக்கே பொருத்திச் செய்த ஸ்கேட் வாங்கப் போவதாக ஒருநாள் வீட்டுக்கு வந்து சொன்னாள்.

"அப்பா, நீங்களும் வாங்கோ. அளக்கிறதெண்டா உங்களுக்கு விருப்பம்தானே."

குசினியிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "போறது சரி. இஞ்சேருங்கோ, ஆசைப்பட்டு நீங்களும் ஒண்டைப் போட்டுப் பாத்திடாதேங்கோ. ஒரு இடுப்பு ஏற்கெனவே ஒப்பரேசன் செய்து மாத்தியாச்சு, மிஞ்சியிருக்கிறது மற்றதுதான்."

கடையில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் இருந்தார். அதிகம் பேசமாட்டார். மகளை நிற்கவைத்து இரண்டு காலையும் அளந்தார். நீளம், அகலம், மேற்பாதத்தின் உயரம், குதிக்காலின் ஒடுக்கம் என்று தனித்தனியாக எழுதினார். வலது கால் இடதைவிட நான்கு மில்லிமீட்டர் நீளம் என்றார். முப்பத்தைந்து வருடமாக எனக்குத் தெரியாத செய்தி அது.

"கொஞ்சம் பெருசா எடுத்தால் என்ன? கால் வீங்கினாலும் இடம் இருக்குமே," என்று மகள் ஆங்கிலத்தில் கேட்டாள். என்னிடமிருந்து கற்றது.

அந்தப் பெண் தலையை ஆட்டினார். நேராக நிற்கும்போது பெருவிரல் முன்பக்கத்தை இலேசாக உரசவேண்டும்; முழங்காலை மடித்தால் பின்னுக்குப் போகவேண்டும்; குதிக்கால் எந்த நேரமும் அசையக்கூடாது. மூன்று அகலங்களில் போட்டுப் பார்த்தார்கள். நாடா கட்டாத ஸ்கேட்டின் மேல்வாய்க்குக் குறுக்கே ஒரு பென்சிலை வைத்து, மேற்பாதம் அதைத் தள்ளுகிறதா என்று சோதித்தார். அந்த எளிமையைப் பார்த்து என் பரிசோதகன் மனம் மகிழ்ந்துபோனது. அந்த மகிழ்ச்சி இரண்டு நிமிடம்தான்.

அவர் மகளின் குதிக்காலைக் கையில் பிடித்துப் பின்பக்கத்தை விரலால் அழுத்தினார். அங்கே எலும்பு ஒரு சின்னப் புடைப்பாக நின்றது. வளரும் வயதில் பெரிய ஸ்கேட் போட்டு, குதிக்கால் உள்ளே மேலும் கீழுமாக உரசினால் இப்படி வருவதுண்டு என்றார். சின்ன வயதில் ஸ்கேட் போட்டாயா என்று கேட்டார்.

"ஓம்... யெஸ்," என்றாள் மகள். "பெரிய ஸ்கேட்தான். ஆனால் பிழை ஸ்கேட்டில் இல்லை. எனக்குத்தான் வரவில்லை."

அதை அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். யாரையும் குத்திச் சொல்லவில்லை. அப்படித்தான் என்று நம்பிச் சொன்னாள்.

அந்தப் பெண் ஸ்கேட்டுகளை ஒரு சிறிய அடுப்பில் சூடாக்கினார். இளகியதும் மகளின் காலில் போட்டு நாடாவை இறுக்கினார். பதினைந்து நிமிடம் கதிரையில் இருக்கவேண்டும், எழும்பி நிற்கவே கூடாது, நின்றால் அச்சுப் பிழைத்துவிடும் என்று சொல்லி நிமிடம் எண்ணும் மணிக்கூட்டைத் திருகி வைத்தார். புடைப்பு இருக்கும் இடத்தைப் பிறகு வெளிப்பக்கமாகத் தள்ளித் தருவதாகச் சொல்லிவிட்டு இன்னொருவரைக் கவனிக்கப் போனார்.

நான் மகளுக்குப் பக்கத்தில் இருந்தேன். இப்போது சொன்னால் அவளால் எழும்பிப் போக முடியாது என்று நினைத்தேன். இப்போதும் சொல்லாவிட்டால் இனி ஒருநாளும் சொல்லமாட்டேன் என்றும் தெரிந்தது.

"பிள்ளை, பிழை உன்னில இல்லை," என்றேன். "நான் அந்தத் தகட்டை மட்டமா அராவிப்போட்டன். அதில ஆராலையும் நிக்க ஏலாது."

குறடு, அரம், எமரித் தாள், சாணை பிடிக்கும் மனிதர், அவர் கேட்ட பத்து நிமிடம், என் இரண்டு பொய்கள் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப தெரிஞ்சது உங்களுக்கு?"

"அடுத்த கிழமை."

"அடுத்த கிழமையா?"

"ஓம்."

"அப்பா, நான் டான்ஸ் கிளாஸையும் விட்டனான். தெரியுமே? சைக்கிளும் ஓடேல்லை. எனக்கு பலன்ஸ் இல்லையெண்டு நீங்கள் சொன்னதை எல்லாருக்கும் நானே சொல்லித் திரிஞ்சனான். ஸ்கூல் காம்ப்பில, யூனிவர்சிட்டியில, எல்லா இடமும்."

எனக்கு அது தெரியாது. நடன வகுப்பைப் படிப்புக்காக விட்டாள் என்றே நினைத்திருந்தேன். மன்னிப்புக் கேட்டேன். மணிக்கூட்டில் இன்னும் ஒன்பது நிமிடம் இருந்தது. அது முடியும்வரை அவள் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

வீடு வரும்வரை கார் ஓட்டியவள் அவள்தான். வாசலில் என்னை இறக்கிவிட்டு, "அம்மாட்ட பிறகு போன் எடுக்கிறனெண்டு சொல்லுங்கோ," என்று மட்டும் சொன்னாள். இரண்டு கிழமை தாயோடு மட்டும் தொலைபேசியில் பேசினாள். மனைவிக்கு நான் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். அவள் என்னைத் திட்டவில்லை. "கண்ணாடி மாதிரி எண்டு நானும் சொன்னனான்," என்றாள். அது திட்டைவிடக் கடினமாக இருந்தது.

மூன்றாவது கிழமை மகள் என்னை அழைத்தாள்.

"ஞாயிற்றுக்கிழமை ஸ்கேட் சாணை பிடிக்கப் போறன். வாறீங்களோ?"

"வாறன்," என்றேன்.

அதே பெண்தான் சாணை பிடித்தார். சாணைக்கல்லின் முகத்தை முதலில் ஒரு வைர முனையால் வில்போல வளைத்துச் செதுக்கினார். அந்த வளைவுதான் தகட்டில் பள்ளமாக இறங்கும். ஆழமான பள்ளம் ஐஸை இறுக்கிக் கடிக்கும், கால் விரைவில் களைக்கும். ஆழம் குறைந்தால் நன்றாக வழுக்கி ஓடும், பிடி குறையும். மகள் யோசித்து நடுத்தரமானதைக் கேட்டாள். எனக்கு ஒரு கருத்து இருந்தது. வாயைத் திறக்கவில்லை. ஸ்கேட்டைத் தாங்கியில் பூட்டி, ஒரே சீரான வேகத்தில், ஒரே அழுத்தத்தில், குதிக்காலிலிருந்து விரல்வரை சில தரம் இழுத்தார். பிசிறை ஒரு மென்கல்லால் எடுத்தார். தகட்டின் மேல் ஒரு நாணயத்தைக் குறுக்கே வைத்து, இரண்டு விளிம்பும் ஒரே உயரத்தில் நிற்கின்றனவா என்று பார்த்தார். பிறகு மகள் தன் நகத்தை விளிம்பில் மெதுவாக இழுத்தாள். நகத்திலிருந்து வெள்ளைச் சீவல் சுருண்டு வந்தது.

"இந்தாங்கோ," என்று ஸ்கேட்டை என்னிடம் நீட்டினாள்.

கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். நடுவில் இருண்ட பள்ளம். இரு பக்கமும் ஒளிக்கோடு இரண்டு. நான் அராவி அழித்தது இதைத்தான். அவள் ஸ்கேட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளாமல் நான் பார்த்து முடிக்கும்வரை நின்றாள்.

அங்கிருந்து நேரே ஐஸ் தளத்துக்குப் போனோம். நான் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றேன். அவள் ஒரு சுற்று ஓடினாள். பிறகு என்னை நோக்கி நேராக வந்தாள், வேகமாக. மோதப் போகிறாள் என்று நான் பின்வாங்கினேன். கடைசி நொடியில் பக்கவாட்டில் திரும்பிச் சரக்கென்று நின்றாள். ஐஸ் தூள் கண்ணாடியெல்லாம் அடித்தது. அது வழிந்து இறங்கிய பிறகு அவள் முகம் தெரிந்தது. சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் தட்டிக் கத்தினாள்:

"சறுக்கத்தானே அப்பா வாங்கினது?"

நான் அழுதேன். ஒரு சின்னப் பெடியன் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தன் தாயிடம் ஏதோ சொன்னான். நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

இப்போது அவளுடைய ஒவ்வொரு விளையாட்டுக்கும் நான் போகிறேன். முடிந்ததும் ஸ்கேட்டுகளை என் மடியில் போடுவாள். தகட்டை ஈரமில்லாமல் துடைத்து, துணி உறையில் இடுவது என் வேலை. அதை அவளாகவே எனக்குத் தந்தாள். மன்னித்துவிட்டேன் என்று அவள் சொன்னதில்லை, நானும் கேட்கவில்லை. நான் துடைத்துக் கொடுத்த பிறகு, பையில் வைக்கும் முன், உறையைக் கழற்றி இரண்டு விளிம்பையும் நகத்தால் ஒருதரம் சரிபார்க்கிறாள். ஒவ்வொரு முறையும் பார்க்கிறாள். அவள் பார்த்து முடிக்கும்வரை நான் பையின் வாயை விரித்துப் பிடித்தபடி காத்திருக்கிறேன்.