சம்பங்கித் தோட்டத்தில் நான் வைத்த புள்ளி

கருங்கல் தூளுக்கு ஒரு வாசம் உண்டு. தீக்குச்சியைக் கிழித்து உடனே ஊதி அணைத்தால் வருமே, கிட்டத்தட்ட அது. இன்று காலை எங்கள் அபார்ட்மெண்டில் யாரோ கிரானைட் அறுத்தார்கள். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் நேராக எங்கள் ஊர் அகரத்துக்குப் போய்விட்டேன்... அப்பாவின் சம்பங்கித் தோட்டத்துக்கு.

பெட்ரோலியம் இன்ஜினியரிங் முடித்து வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். ராஜஸ்தானில் எண்ணெய்க் கிணறு தோண்டுகிற ரிக்கில் வேலை. இருபத்தெட்டு நாள் அங்கே, இருபத்தெட்டு நாள் லீவு. பூமிக்கடியிலிருந்து சேற்றோடு மேலே வரும் பாறைத்தூளைச் சல்லடையில் பிடித்து, கழுவி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, எந்த ஆழத்தில் என்ன பாறை என்று எழுத வேண்டும். பிறகு சின்னச் சின்னத் துணிப்பையில் போட்டுக் கட்டி வைக்க வேண்டும். அவ்வளவுதான் என் உத்தியோகம்.

ஊரில் அப்பா இதை வேறு மாதிரி சொல்லி வைத்திருந்தார்.

"எம்மகளும் போர் போடுற வேலைதான்யா. என்ன, நம்ம எழுநூறு அடி போவோம், அவுக பத்தாயிரம் அடி போறாக."

சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அந்தக் கோடையில் எங்கள் கிணறு வறண்டுவிட்டது. சம்பங்கி இலையெல்லாம் நுனி மஞ்சளாகிக்கொண்டிருந்தது. அக்கம்பக்கத்தில் ஆளாளுக்கு போர் போட்டுக்கொண்டிருக்க, அப்பா மட்டும் சொல்லிவைத்த லாரியை இரண்டு தடவை தள்ளிப்போட்டார். அம்மா போனில் கத்தினாள்.

"செடி காயுது... உங்கப்பா என்னடான்னா நீ லீவுல வரட்டும்னு உக்காந்திருக்காரு!"

நான் வந்து பையை இறக்கி வைக்கவில்லை, அப்பா தோட்டத்துக்குக் கூட்டிப் போய் கையில் கோலப்பொடி டப்பாவைக் கொடுத்தார். "புள்ளி வையித்தா."

"தேங்கா வச்சு நீரோட்டம் பாக்குறவரக் கூப்பிடலையாப்பா?"

"நீ இருக்கையில அவரு என்னத்துக்கு?"

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நான் படித்தது அடுக்கடுக்காகப் படிந்த பாறைகளை. இது திண்டுக்கல் கருங்கல். தண்ணீர் எங்காவது விரிசலில்தான் இருக்கும். அந்த விரிசல் என் கண்ணுக்குத் தெரியாது... எல்லாம் தொண்டை வரை வந்தது. அப்பா முகத்தைப் பார்த்தேன். ஏதோ ஊர் எல்லைக்குள் மழை வந்துவிட்ட மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

நடந்து போய் ஒரு மூலையில் புள்ளி வைத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் லாரி வந்தது. எலுமிச்சம்பழம், சூடம் எல்லாம் ஆனது. கம்ப்ரஸர் சத்தத்தில் யார் பேசுவதும் கேட்கவில்லை. மதியத்துக்குள் எங்கள் புருவம், அம்மாவின் முந்தானை, சம்பங்கி மொட்டு எல்லாம் ஒரே வெள்ளை. நான் பழக்கதோஷத்தில் ஒவ்வொரு ராடு இறங்கும்போதும் ஒரு பிடி தூள் எடுத்து வரிசையாகக் குவித்துக்கொண்டே வந்தேன். ஒரு குவியலிலும் ஈரம் இல்லை.

எழுநூறு அடி. போர்க்காரர் மிஷினை நிறுத்திவிட்டு அப்பாவிடம் வந்தார். திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆள்.

"ஏனுங்க, இன்னும் ராடு எறக்கட்டுங்களா, நிறுத்தட்டுங்களா?"

அப்பா என்னைப் பார்த்தார். அப்பா பார்த்ததால் அங்கே நின்ற எல்லோரும் பார்த்தார்கள்.

கடைசிப் பிடியை விரலால் தேய்த்தேன். மாவு மாதிரி உதிர்ந்தது. அப்பாவின் காதருகே போனேன். "எனக்குத் தெரியலப்பா... புள்ளி வச்சதுகூடத் தெரிஞ்சு வைக்கலப்பா." அதற்கு மேல் முடியவில்லை, அழுதுவிட்டேன்.

அப்பா துண்டை எடுத்து என் முகத்திலிருந்த தூளைத் துடைத்தார். அப்புறம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"எம்மக பாத்துருச்சு. போதும், நிறுத்துங்கப்பா."

பொழுது சாயும்போது இருவரும் வரப்பில் உட்கார்ந்திருந்தோம்.

"உங்க கம்பெனியில இப்படி எண்ணெ வரலன்னா என்ன செய்வீக?"

"சிமெண்ட ஊத்தி மூடிட்டு அடுத்த எடத்துக்குப் போயிருவோம்பா."

"இம்புட்டுப் படிச்சவுக சேந்து போட்டுமா வராது?"

"எத்தனையோ தடவ வராதுப்பா."

"அப்ப நம்ம எந்த மூலைக்கு!" என்று சிரித்தார். அப்புறம், "ஆமா, அந்த எடத்துல ஏந்தா வச்ச?" என்றார்.

"அங்கன நின்னாத்தான் லாரி திரும்புறப்ப செடி நசுங்காதுப்பா."

அப்பா எழுந்து போய் ஒவ்வொரு செடியாகத் தூள் தட்டிவிட ஆரம்பித்தார். நானும் போனேன். அந்த வருஷம் டேங்கர் தண்ணீர் ஊற்றிப் பாதித் தோட்டத்தைத்தான் காப்பாற்ற முடிந்தது. மீதிப் பாதி போனது போனதுதான்... இப்போது நினைத்தாலும் வலிக்கும்.

இன்று எனக்கு சென்னையில் ஏசி ரூம். நாலைந்து கிணறுகளின் கணக்கு கலர் கலர் கோடுகளாக ஸ்கிரீனில் ஓடும். தூள் கையில் பட்டு வருஷக்கணக்காகிறது. மீட்டிங்கில் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. "தெரியல" என்று நான் சொன்னால் மட்டும் எல்லோரும் என்னையே திரும்பிப் பார்ப்பார்கள்.

போன வாரம் அப்பாவிடமிருந்து வீடியோ கால். பக்கத்துத் தோட்டத்தில் போர் போடுகிறார்களாம். பின்னால் அதே கம்ப்ரஸர் சத்தம். உள்ளங்கையை கேமராவுக்குக் கிட்டத்தில் கொண்டுவந்தார்.

"ஆத்தா, ஆயிரம் அடி தாண்டிருச்சு. இந்தத் தூளப் பாரு. இன்னும் போகலாமா?"

என்னை அறியாமல் விரல் போய் போனைத் தேய்த்தது. வழவழவென்று கண்ணாடி.

"எனக்குத் தெரியலப்பா."

அப்பா பக்கத்துத் தோட்டக்காரரிடம் திரும்பினார்.

"எம்மக தெரியலங்குது. அப்ப நிறுத்திருவோம்."

அவரும் மறுபேச்சில்லாமல் தலையாட்டினார். அப்பா குரலில் மட்டும், பத்தாயிரம் அடி என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தபோது இருந்த அதே பெருமை.