நான் ரதி கட்டிய மாசி

மருதமுத்து விரதத்தை முறிக்கவில்லை. முறித்தான் என்று ஊர் முன்னால் சொன்னவன் நான். அது பொய். பொய் என்று தெரிந்துகொண்டே சொன்னேன். மாரியம்மன் எனக்குச் செய்த உதவியைச் சொல்ல வந்த நான் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். இதை மறைத்தால் அந்த உதவியின் அருமை உங்களுக்குத் தெரியாது.

இலங்கை மலையகத்தில், எல்கடுவப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் பாடசாலை ஆசிரியராக இருந்தேன். ஒவ்வொரு மாசியும் எங்கள் தோட்டத்தில் காமன் கூத்து நடக்கும். சிவனின் தவத்தைக் கலைக்கப்போன மதன் எரிந்து சாம்பலாவான். அவன் மனைவி ரதி விடியும்வரை புலம்பி ஆடுவாள். மூன்றாம் நாள் மதன் உயிர்த்தெழுவான். ரதி உருகி அழாவிட்டால் மதன் எழமாட்டான் என்பது எங்கள் நம்பிக்கை. ரதி வேடம் கட்டுகிற ஆண் காமன் கம்பம் ஊன்றிய நாளிலிருந்து மீனும் இறைச்சியும் தொடக்கூடாது. கோயில் வெறுந்தரையில்தான் படுக்க வேண்டும். அவன் விரதம் முறிந்தால் தோட்டத்துக்கே கேடு வரும் என்பார்கள்.

கூத்தில் பாடுகிறவன் நான். ரதி கட்டுகிறவன் மருதமுத்து. அவனுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து வாட்டுகிற வேலை.

எனக்கும் என் மனைவி சரோஜாவுக்கும் ஒரே பிள்ளை, மல்லிகா. ஏழு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். அது ஐப்பசி மழைக்காலம். குழியை மூடியதும் மேலே கிடந்த மண்ணை என் கையாலேயே தட்டிச் சமப்படுத்தினேன். அழவில்லை. சரோஜாவும் அழவில்லை. நான்கு மாதம் நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் இரண்டு கல்லாக இருந்தோம்.

அந்த மாசியில் மருதமுத்து ஆடினான். விடியற்காலைப் பனியில், மதன் எரிந்த சாம்பலின் முன்னால் முழங்காலில் விழுந்தான். இரண்டு கையாலும் மண்ணைத் துழாவினான். ஏதோ ஒன்றைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறவன்போல் தேடினான். பெண்கள் கூட்டத்திலிருந்து ஓர் அலறல் எழுந்தது. அது சரோஜாவின் குரல். என் பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். அவள் மார்பில் அடித்துக்கொண்டு, அவன் அசைந்த பக்கமெல்லாம் தானும் அசைந்து அழுதாள்.

அன்று மத்தியானம் அவள் சோறாக்கினாள். "பிள்ளைக்கு ரசம்னா ரொம்பப் பிரியங்க" என்றாள். நான்கு மாதத்துக்குப் பிறகு பிள்ளையைப் பற்றி அவள் பேசிய முதல் பேச்சு.

நான் மகிழ்ந்திருக்க வேண்டும். எனக்கோ வயிறு எரிந்தது. என் தோளில் சாய்ந்து அழாதவள் அவன் ஆட்டத்துக்கு அழுதாளே. அவள் அவனை ஆணாக நினைத்துப் பார்த்தாள் என்று நான் ஒரு கணமும் சந்தேகப்படவில்லை. சந்தேகம் என்றால் கேட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். இது அதைவிடக் கேவலம். என் வீட்டுத் துக்கத்தின் திறவுகோல் அவன் கையில் இருந்தது. அதை என்னால் தாங்க முடியவில்லை. ஒருநாள் பாடசாலைக் கதவைச் சாத்திக்கொண்டு அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் அவனைப்போல் ஆடிப் பார்த்தேன். கண்ணாடியில் ஒரு விறகுக் கட்டை கையை ஆட்டிக்கொண்டு நின்றது. அதன்பிறகு அவன் வணக்கம் சொன்னால்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அடுத்த மாசி வந்தது. மதன் எரிவதற்கு இரண்டு நாள் இருந்தது. மருதமுத்து கடையில் கருவாடு வாங்கிப் போவதைக் கண்டேன். படுத்த படுக்கையாக இருந்த அவன் தாய்க்குத்தான் அது என்று எனக்குத் தெரியும். அன்று மாலையே தோட்டத் தலைவரிடம் சொல்லிக் கோயிலில் கூட்டம் கூட்டினேன். அவன் கருவாட்டைச் சுட்டுத் தின்றதைக் கண்ணால் கண்டேன் என்றேன்.

"நான் திங்கல தலைவரே. அம்மாவுக்கு வாங்குனது" என்றான் மருதமுத்து.

"அப்ப மாஸ்டர் பொய் சொல்றாரா? படிச்ச மனுசன் பொய் சொல்லுவாராடா?" என்று தலைவர் கேட்டார்.

மருதமுத்து என்னையே பார்த்தான். நான் கோயில் மணியைப் பார்த்தேன். அவன் குனிந்து சலங்கையை அவிழ்த்து என் காலடியில் வைத்துவிட்டுப் போனான்.

அந்த வருடம் வேறொருவன் அவசரமாக ரதி கட்டினான். அவன் ஆட ஆட, சரோஜா பாதியிலேயே எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள். அன்றோடு அவள் பேச்சு நின்றது. வலது கை மூடிக்கொண்டது. விரல்களைப் பிரித்தால் மறுபடியும் மூடிக்கொள்ளும். மாத்தளை ஆஸ்பத்திரியில் கை நரம்பில் ஒரு கோளாறும் இல்லை என்றார்கள்.

அது எண்பத்து மூன்றாம் வருடம். ஆடியில் கலவரம் வந்தது. நாங்கள் தேயிலைச் செடிகளுக்கு நடுவே பதுங்கிக் கிடந்தோம். திரும்பி வந்தபோது தொழிலாளர் குடியிருந்த இரண்டு லயம் எரிந்திருந்தது. "விரதத்த முறிச்சான், வினை வந்துச்சு" என்று தோட்டமே மருதமுத்துவைத் தூற்றியது. அவன் வீட்டுக் கூரையில் கல் விழுந்தது. தாய் இறந்த மறுவாரம் அவன் தோட்டத்தை விட்டே போய்விட்டான். நான் வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகு ரதி கட்ட யாருக்கும் துணிவில்லை. மறு வருடம் கூத்தே நடக்கவில்லை.

இரண்டு வருடம் அம்மன் முன்னால் நின்று மன்றாடினேன். "தாயே, இவளை அழ வை" என்பதே என் வேண்டுதல். ஒரு பதிலும் இல்லை. சரோஜா இளைத்துக்கொண்டே போனாள். தை மாதக் கடைசி வெள்ளியன்று அவள் ஒரு வாய்க் கஞ்சியும் இறங்காமல் கிடந்தாள். கோயிலுக்கு ஓடினேன். வழக்கமான வேண்டுதலைச் சொல்ல வாயைத் திறந்தேன். "நான் பொய் சொன்னேன்" என்று வந்தது. நான் நினைத்துச் சொல்லவில்லை. மறுபடியும் திறந்தேன். மறுபடியும் அதே சொல் வந்தது. கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்த பூசாரி திரும்பிப் பார்த்தார். என் இரண்டு வருட மன்றாட்டுக்கு அம்மன் தந்த பதில் அதுதான் என்று அங்கேயே அறிந்துகொண்டேன்.

மருதமுத்து கலேவெலவில் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன்; மறுநாளே பஸ் பிடித்துப் போனேன். அங்கே ஒரு முஸ்லிம் முதலாளியின் மரக்கறிக் கடையில் மருதமுத்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான்.

"வாங்க மாஸ்டர். வெண்டிக்கா வாங்கவா இம்புட்டுத் தூரம்?"

காலில் விழப்போனேன். பின்னால் நகர்ந்துகொண்டான்.

"பொய்ய ஊருக்கு முன்னாலதானே சொன்னீங்க? உண்மைய மட்டும் இங்க வந்து எங்கிட்டத் தனியாச் சொல்றீங்க?"

"ஊரிலும் சொல்கிறேன். நீ வந்து ரதி கட்டு, மருதமுத்து."

"நான் வரமாட்டேன். எங்கம்மா கல்லடிக்குப் பயந்துக்கிட்டே செத்துச்சு. நீங்க கட்டுங்க. வெறுந்தரையில படுத்துப் பாருங்க."

"எனக்கு ஆடத் தெரியாதே."

அவன் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டான். இரண்டடி போய்விட்டுத் திரும்பினான்.

"அழணும்னு நெனச்சு ஆடாதீங்க. தேடுங்க. தொலைஞ்சத மட்டும் தேடுங்க. மிச்சத்த தப்பு மேளம் பாத்துக்கும்."

கம்பம் ஊன்றிய அன்று தோட்டமே கூடி நின்றபோது உண்மையைச் சொன்னேன். "தூ, படிச்ச நாயி" என்று ஒரு கிழவர் துப்பினார். தலைவர் தலையைக் குனிந்துகொண்டார். யாரும் என்னைத் தேற்றவில்லை. தேற்றாமல் விட்டதும் சரிதான். ஆனாலும் ரதி கட்ட வேறு ஆள் இல்லாததால் என்னை விட்டார்கள். மருதமுத்து அவிழ்த்து வைத்த அதே சலங்கையைக் கட்டினேன்.

சேலை கட்டி நான் வெளியே வந்தபோது, "அடியே, ரதிக்கு மூக்குக்கண்ணாடி பாருடி!" என்று ஒருத்தி கத்தினாள். கூட்டம் சிரித்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் தாங்கிக் கொண்டுவந்த சரோஜாவும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியைக் கழற்றினேன். எல்லா முகமும் கலங்கலாகிவிட்டது. அதுவும் ஒரு உதவிதான். நெடுநேரம் மரமாகத்தான் ஆடினேன். மதன் எரிந்தான். கீழ்வானம் வெளுத்தது. தப்பு ஓங்கி ஒலித்தது. முழங்காலில் விழுந்து மண்ணில் தேடினேன்.

தேடிக்கொண்டே இருந்தபோது என் கைகள் மண்ணைத் தட்டத் தொடங்கின. மெதுவாகத் தட்டின. சமப்படுத்தின. என்ன செய்கின்றன என்பது எனக்கு முன்பே என் கைகளுக்குத் தெரிந்துவிட்டது. மூன்று வருடத்துக்கு முன் என் மகளின் குழிமேல் செய்ததையே செய்தன. அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. தப்புக்காரர்கள் என் முதுகின் குலுங்கலுக்கு ஏற்ப அடித்தார்கள். நான் ஆடினேனா, ஆட்டப்பட்டேனா, தெரியாது.

என் கைக்குப் பக்கத்தில் இன்னொரு கை வந்து மண்ணில் பதிந்தது. ஐந்து விரலும் விரிந்திருந்தன.

"இங்க இல்லீங்க" என்றாள் சரோஜா. "பிள்ள இங்க இல்லீங்க."

பிறகு அந்தக் கையாலேயே என் மார்பில் அடித்தாள். ஓங்கி ஓங்கி அடித்தாள். அடித்தபடியே அழுதாள். அன்று மாலை கஞ்சி குடித்தாள். அதன்பின் பத்தொன்பது வருடம் என்னோடு வாழ்ந்தாள். எனக்கு ரசம் வைக்கும்போதெல்லாம் மகளைப் பற்றிப் பேசினாள்.

அம்மனை நம்புகிறவர்களே, நீங்கள் கேட்டது கிடைக்கவில்லையென்றால் தாய் செவிடு என்று எண்ணிவிடாதீர்கள். உங்கள் வாயில் அடைத்துக்கொண்டிருப்பது எது என்று ஒருமுறை பாருங்கள். அதை முதலில் அவள் முன்னால் துப்பிவிடுங்கள். மிச்சத்தை அவள் பார்த்துக்கொள்வாள். எனக்குப் பார்த்துக்கொண்டாள்.

மருதமுத்துவைத் தலைவரே நேரில் போய் அழைத்தார். அவன் வரவில்லை. இன்றுவரை வரவில்லை. நான் எழுதிய கடிதங்களை யாரிடமாவது கொடுத்து வாசிக்கச் சொன்னானா என்றும் தெரியாது. அவனிடமிருந்து மன்னித்தேன் என்ற சொல் எனக்குக் கிடைக்கவில்லை. அதைக் கேட்கும் உரிமையும் எனக்கில்லை.

ஆனால் அந்த மாசியில், மதன் உயிர்த்தெழுந்த மூன்றாம் நாள், கோயில் அன்னதானத்துக்குச் சமைக்கத் தொடங்கிய நேரத்தில், பஸ் கொண்டக்டர் ஒரு சாக்கு மூட்டையைச் சந்தியில் இறக்கிப் போனார். கலேவெலவில் ஏற்றியதாம். உள்ளே வெண்டிக்காய். யாருக்கு என்று கேட்டதற்கு, கொடுத்தவன் பெயரொன்றும் சொல்லவில்லை என்றார்.

"ரதி கட்டுனவருக்குன்னு மட்டும் சொன்னான்."