கொட்டாஞ்சேனைக்குப் பதின்மூன்று செவ்வாய்

காலை 8.10. வெள்ளவத்தைச் சந்தையடியில் 155ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினேன். கொட்டாஞ்சேனைக்கு எழுபது ரூபா, பத்துக் கிலோமீற்றர் சொச்சம். அங்கிருந்து கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குக் கால்மணி நேர நடை. இது எனது பதின்மூன்றாவது செவ்வாய், இன்றோடு நேர்த்திக்கடன் நிறைவேறுகிறது. சைவக்காரியான எனக்கு அந்தோனியாரிடம் என்ன வேலை என்று கொழும்பில் யாரும் கேட்க மாட்டார்கள். செவ்வாய்க்கிழமைகளில் அங்கே திருநீறும் பொட்டுமாக எத்தனையோ பேர் நிற்பார்கள்.

நேர்த்தி எனக்காக அல்ல, பிலோமினா அக்காவுக்காக. கொள்ளுப்பிட்டியில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் பத்தொன்பது வருடம் எனக்குப் பக்கத்து மேசைக்காரர். தொண்டையில் கட்டி என்று அறுவைச் சிகிச்சை செய்தார்கள். குரல் திரும்பி வருமா என்பதை டொக்டர்மார் உறுதியாகச் சொல்லவில்லை. அன்றைக்கே நேர்ந்துகொண்டேன்: பதின்மூன்று செவ்வாய், பதின்மூன்று மெழுகுதிரி.

இன்று ஒரு புதுமை. கைபேசியை வீட்டில் வைத்துவிட்டு வந்தேன். கனடாவிலிருக்கும் மகள், எதையும் முழுக் கவனத்தோடு செய்யப் பழக்கும் வகுப்பொன்றுக்குப் போகிறாள். "அம்மா, ஒரு நாளைக்கு ஒரு வேலையை எண்டாலும் மனசு அங்கையே இருக்கச் செய்யுங்கோ" என்று போன கிழமை எனக்கும் பாடம் எடுத்தாள். சரி, இந்த வழியை ஒருமுறையாவது ஒழுங்காகப் பார்ப்போம் என்று புறப்பட்டேன்.

8.50. மருதானை. "இஸ்ஸரஹட்ட யன்ன" என்று கொண்டக்டர் எல்லோரையும் முன்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். பக்கத்து இருக்கைப் பெண்ணின் மடியில் ஒரு கட்டு முருங்கைக்கீரை. ஒவ்வொரு பிரேக்குக்கும் இலைகள் உதிர, அவர் ஒன்றுவிடாமல் பொறுக்கிப் பைக்குள் போட்டார். இதையெல்லாம் கவனிக்கிறேனே என்று என்னையே மெச்சிக்கொண்டேன். மகளிடம் சொல்ல வசனம்கூடத் தயார்.

9.15. கொட்டாஞ்சேனைச் சந்தியில் இறங்கி, மெழுகுதிரி வாங்கி, நடந்தேன். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், கூச்சத்தில் விட்டுவிட்டேன். பிலோமினா அக்காவின் வீடு இந்தத் தெருவில்தான், கோவிலுக்குப் போகும் வழியில். பன்னிரண்டு செவ்வாய் அதைக் கடந்து போய் அவருக்காக மன்றாடிவிட்டு, பன்னிரண்டு செவ்வாயும் அதைக் கடந்து திரும்பியிருக்கிறேன். ஒருநாளும் ஏறிப் பார்க்கவில்லை. நோயாளியிடம் வெறுங்கையோடு போவதா, அடுத்த கிழமை பால்மாப் பெட்டியும் அப்பிளும் வாங்கிக்கொண்டு போவோம், சமையலுக்கு நேரமாகிறது. ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு சாட்டு இருந்தது.

அப்போதுதான் சத்தம் கேட்டது. இரும்புக் கம்பியில் கரண்டியால் தட்டுகிற சத்தம். நிமிர்ந்தேன். மேல்மாடி ஜன்னலில் பிலோமினா அக்கா, கழுத்தில் பருத்தித் துணி, கையில் தேக்கரண்டி. மேலே வரும்படி கையைக் காட்டினார்.

ஏறினேன். கையில் மெழுகுதிரிப் பெட்டியைத் தவிர ஒன்றுமில்லை.

"கதிரையில இருமன் சாந்தி. தேத்தண்ணி போடட்டே?"

தேங்காய் துருவுகிற மாதிரிக் கரகரப்பு. ஆனால் குரல்.

"அக்கா, குரல் வந்திட்டுதே."

"வந்து ஒரு மாசம்."

"மெசேஜில சொல்லேல்லையே."

"குரல் வந்ததை மெசேஜில சொல்லுறதோ? நேர சொல்லுவம் எண்டு பார்த்தனான்."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னார். நான்கு செவ்வாயாக, வந்துவிட்ட குரல் வரவேண்டும் என்று அந்தோனியாரை நச்சரித்திருக்கிறேன். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மேசை விரிப்பைப் பார்த்தேன்.

"நான் போறதைக் காணுறனீங்களோ?"

"ஒவ்வொரு செவ்வாயும். முதல் அஞ்சாறு கிழமை தட்டினனான். அப்ப கூப்பிடச் சத்தம் இல்லைத்தானே. நீர் போனைப் பார்த்துக்கொண்டு விறுவிறெண்டு போயிடுவீர். பிறகு விட்டிட்டன்."

"இண்டைக்கு ஏன் தட்டினீங்கள்?"

"இண்டைக்கு அங்கையிங்கை பார்த்துக்கொண்டு வந்தீர். கேக்கும் எண்டு நினைச்சன்."

குரல் வந்த பிறகும் ஏன் கூப்பிடவில்லை என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வருகிறவள் தானாக வரட்டும் என்று காத்திருந்திருப்பார். முக்கால் மணி நேரம் இருந்தேன். பழைய முகாமையாளரைப் போல அவர் பேசிக் காட்ட இருவரும் சிரித்தோம். புறப்படும்போது மாடிப்படிவரை வந்தார்.

"இண்டையோட நேர்த்தி முடியுதோ?"

"ஓம் அக்கா."

"அப்ப இனிச் செவ்வாய்க்கு உம்மைக் காணேலாது."

வருவேன் என்றேன். பன்னிரண்டு கிழமை 'அடுத்த கிழமை' சொன்ன அதே வாயால்.

10.30. கோவிலில் பதின்மூன்றாவது மெழுகுதிரியை ஏற்றினேன். கேட்க ஒன்றுமில்லை. நன்றி சொல்லவும் முகமில்லை. திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை கிடைத்தும் எதையும் பார்த்ததாக நினைவில்லை.

12.05. வெள்ளவத்தை. செருப்பைக்கூடக் கழற்றாமல் கைபேசியை எடுத்து, அக்காவோடு பரிமாறிய செய்திகளை மேலே தள்ளிப் பார்த்தேன். செவ்வாய்க்குச் செவ்வாய் 'உங்களுக்காக மன்றாடினேன்' என்று நான் அனுப்பியவை வரிசையாகக் கிடந்தன. நடுவில், ஒரு மாதத்துக்கு முன், அக்காவிடமிருந்து ஒன்று: 'நேரம் இருந்தால் ஒருக்கா வீட்டை வாரும். உம்மிடம் ஒன்று சொல்ல இருக்கு.'

அதற்கு நான் பதில் போட்டிருந்தேன். கூப்பிய இரண்டு கைகளின் படம்.