மஞ்சள் வாலா, வெள்ளை வாலா

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டவன் நான். ஆனால் தட்டாஞ்சாவடியில் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறை வைத்து, ஒரே சிவப்பில் பத்துச் சிவப்பைப் பிரித்துக் காட்டியவன். என்னைப் போல் கண் உள்ளவர் புதுச்சேரியில் இன்னொருவர் இருந்தால் கூட்டி வாருங்கள், மாலை போடுகிறேன்.

அறுபதைத் தாண்டியபின் பட்டறையை மகனிடம் விட்டுவிட்டு நானும் என் மனைவியும் கடலுக்கடியில் முக்குளிக்கக் கற்றுக்கொண்டோம். சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும், அவர்களில் எத்தனை பேர் மீனோடு மூக்கு உரசியிருக்கிறார்கள்?

கற்றுக்கொடுத்த பெண், பவளத்திட்டில் மீன்களை எண்ணுவதற்கு ஆள் சேர்த்தாள். கோமாளி மீன்களையும் அவற்றின் உறவுக்கார டாம்செல் மீன்களையும் இனம் பிரிக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் படகில் இடம். தண்ணீருக்கடியில் அவள் மீனைக் காட்டுவாள், நாங்கள் கையால் பதில் சொல்ல வேண்டும். நெஞ்சில் ஐந்து விரல் வைத்தால் ஐந்து கறுப்புப் பட்டை போட்ட சார்ஜெண்ட் மீன். நெற்றியில் பொட்டு வைத்து இரண்டு தோளையும் தொட்டால் மூன்று வெள்ளைப் புள்ளி வைத்த கறுப்புக் குட்டி. முத்தியால்பேட்டை வீட்டு வாசலில் நாங்கள் இருவரும் இப்படிப் பயிற்சி செய்ததைப் பார்த்துவிட்டு, பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷன் வாங்கும் எதிர்வீட்டுக்காரர் கேட்டார்:

"இன்னாய்யா, புருஷன் பொண்டாட்டி பேச்சுவார்த்தை நின்னுபோச்சா?"

மனைவி முதல் தடவையே தேறிவிட்டாள். நான் தோற்றேன்! காரணம் ஒரே ஒரு கோமாளி மீன். வாலடியில் மூன்றாவது வெள்ளைப் பட்டை இருந்தால் ஓர் இனம். அந்தப் பட்டை இல்லாமல் வால் மஞ்சளாக இருந்தால் வேறு இனம். நான் மஞ்சள் என்று காட்டினேன். அந்தப் பெண் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டாள்.

படகில் ஏறியதும் சண்டைக்கு நின்றேன்.

"அது வெள்ளை, அங்கிள்."

"யார்கிட்டம்மா வெள்ளைன்னு சொல்ற? அசல் எலுமிச்சம்பழ மஞ்சள் அது!"

"தண்ணியே பச்சையா இருக்கு அங்கிள். அதுக்குள்ள வெள்ளையும் அப்படித்தான் தெரியும்."

என் மனைவி தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்: "வண்டின்னா கண்ண மூடிக்கினே சொல்லுவாரு. மீனுக்கு நம்பர் பிளேட் இல்ல பாரு, தடுமாறிட்டாரு."

இன்னும் ஒரே ஓர் இடம்தான் பாக்கி என்றாள் அந்தப் பெண். மறுநாள் தேறாவிட்டால் என் மனைவி கடலுக்குப் போவாள். நான் கரையில் அவள் செருப்புக்குக் காவல் இருக்க வேண்டும்.

அன்று சாப்பிடும்போதுதான் பொறி தட்டியது. பட்டறையில் சேரும் எந்த ஆளுக்கும் நான் முதலில் சொல்வதே இதுதானே: நிறத்தைத் தனியாகப் பார்க்காதே, பக்கத்தில் ஒரு வெள்ளையை வைத்துப் பார். அந்த மீன் இடுப்பிலேயே ஒரு வெள்ளைப் பட்டையைக் கட்டிக்கொண்டு திரிகிறது! இதைவிட என்ன வேண்டும்? சாம்பார்க் கையோடு எழுந்து ஒரு சுற்று சுற்றினேன்.

மறுநாள் இறங்கினோம். சார்ஜெண்ட் கூட்டம் வந்தது, நெஞ்சில் ஐந்து விரல் வைத்தேன். அந்த மூன்று புள்ளி இனத்தில் வளர்ந்துவிட்ட ஒரு கறுப்பன் வந்தான். வயதானால் நெற்றிப் பொட்டு அழிந்துபோகும், அதையும் விடவில்லை நான். பிறகு கடல் சாமந்தியின் விரல்களுக்குள்ளிருந்து கோமாளி மீன் எட்டிப் பார்த்தது. அந்தப் பெண் அதைக் காட்டினாள். வாலடி மஞ்சளாகத்தான் தெரிந்தது. அவசரப்படவில்லை. இடுப்புப் பட்டையைப் பார்த்தேன், மறுபடி வாலடியைப் பார்த்தேன். இரண்டும் ஒரே டப்பா பெயிண்ட்! மூன்று பட்டை என்று தண்ணீரில் மூன்று கோடு இழுத்தேன்.

அவள் விரலை வளைத்து சரி என்று காட்டினாள். நான் சிரித்த சிரிப்பில் முகமூடிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. கண்ணெல்லாம் உப்பு. அப்படியும் சிரிப்பு நிற்கவில்லை.

மேலே வந்ததும் அவள் சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை வந்துடுங்க அங்கிள். நீங்களும் ஆன்ட்டியும் ஒரு ஜோடி. நீங்க இனம் சொல்லுங்க, ஆன்ட்டி எண்ணுவாங்க."

"அவரு சொல்றத நான் ஒரு தடவ சரிபார்த்துட்டுத்தான் எண்ணுவேன்" என்றாள் என் மனைவி.

"தாராளமா பாரு. ராஜா கண்ணு இது!"

நின்ற இடத்திலேயே ஆட ஆரம்பித்தேன்.

"யோவ், உக்காருய்யா, படகு சாயுது!" என்று கத்தினாள் மனைவி. கத்திக்கொண்டே அவளும் சிரித்தாள்.