சிவப்புக் கல்லுக்கு ஊற்றிய பால்

அலோர் ஸ்டாரில் பள்ளி வேன் ஓட்டும் முருகையாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. குடும்பமெல்லாம் கற்கள்தான். ஈயம் கலந்த வண்ண வண்ணப் படிகங்களை எங்கெங்கிருந்தோ வரவழைத்துக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைப்பார். அவற்றைத் தொட்டுவிட்டால் சவுக்காரம் போட்டுக் கை கழுவாமல் தேநீர்க் கோப்பையைக்கூட எடுக்கமாட்டார். அவ்வளவு விவரம் தெரிந்தவர்தான் அக்கா விஷயத்தில் கோட்டை விட்டார்.

பண்டார் பாருவில் இருக்கும் அக்கா குணவதி, தம்பி கல்லைக் கட்டிக்கொண்டு அழுகிறான் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பவர். போன தீபாவளிக்குப் போனபோது, முருகையா வனடினைட் என்ற சிவப்புப் படிகம் ஒன்றைப் பெட்டியோடு எடுத்துப்போய்க் காட்டினார். அக்கா சிரிக்கவில்லை. அம்மன் மூக்குத்தி போல இருக்கிறது, எனக்குக் கொடு என்றார்.

முருகையாவுக்குத் தலைகால் புரியவில்லை. அவருடைய கல்லை ஒருவர் ஆசைப்பட்டுக் கேட்பது அதுதான் முதல்முறை. ஈயம், உடம்புக்கு ஆகாது என்று சொன்னால் அக்கா திருப்பிக் கொடுத்துவிடுவாரே என்று வாயை மூடிக்கொண்டார். பெட்டியைத் திறக்காதே, தூசி படியும் என்று மட்டும் சொல்லி வைத்தார்.

அக்காவா கேட்பவர்? கல் பெட்டியை விட்டுச் சாமி மேடைக்குப் போனது. இது எதுவும் முருகையாவுக்குத் தெரியாது. அக்கா மகள் நளினி கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து உண்டாகி, ஐந்து மாதம் ஆன பிறகுதான் போன் வந்தது.

"எல்லாம் நீ குடுத்த கல்லுதான் தம்பி. வெள்ளிக்கெழமையானா அதுக்கு ஊத்துன பாலைத்தான் நளினிக்குத் தீர்த்தமா குடுக்கிறேன்."

முருகையா, இனி ஒரு சொட்டுக் கொடுக்காதே என்று கத்திவிட்டு, ஈயம் இருப்பதைச் சொன்னார். அன்றைக்கே வேனை எடுத்துக்கொண்டு போய் நளினியை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்.

இரத்தத்தில் ஈயம் ஏறியிருக்கிறது, பிள்ளைக்கு என்ன ஆகும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். நளினி வயிற்றில் கை வைத்தபடி மாமாவைப் பார்க்காமலே வேனில் ஏறினாள்.

முருகையா அக்காவிடம் மன்னிப்புக் கேட்டார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அக்கா திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவர் மெல்லத்தான் கேட்டார்.

"நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் வேணான்னு சொல்லியிருப்பேன் லா. அவ்வளவுதானே, தம்பி?"