ஐந்து விமர்சகர்களும் உயிரோடிருந்த ஒரு கணவனும்

"கணவனைக் கடலுக்குப் பறிகொடுத்த கைம்பெண். எழுத்தறியாதவர்." போர்ட்டோ திரைப்பட விழாக் கையேடு லியோகாடியாவைப் பற்றிச் சொன்னது இவ்வளவுதான். எங்கள் மீனவ ஊரான கஷீனாஷின் மீன் ஏலக் கூடத்தில் பதினெட்டு வருடமாக விலைப்பலகை எழுதுபவர் அவர். கையேடு அச்சான நேரத்தில் அவர் கணவர் அபிலியு தெருமுனைக் கடையில் சீட்டாடித் தோற்றுக்கொண்டிருந்தார்.

கறுப்பு உடை செய்த வேலை. மாமியார் செத்தால் இரண்டு வருடம் கறுப்பு உடுத்துவது எங்கள் வழக்கம். உயிரோடிருந்த மாமியாரிடம் லியோகாடியா ஒன்பது வருடம் பேசவில்லை. செத்த மாமியாருக்கு ஒரு நாள்கூடக் குறைக்கவில்லை. லிஸ்பனிலிருந்து ஆவணப்படம் எடுக்க வந்த லொரென்சு கறுப்பைப் பார்த்தார், விதவை என்று முடிவு கட்டினார். யாருக்காக என்று கேட்பது அநாகரிகம் என்று நினைக்கும் அளவுக்கு நல்ல பையன். படப்பிடிப்பு நடந்த ஐந்து வாரமும் அபிலியு ஆழ்கடலில் இருந்தார்.

படத்தில் லியோகாடியா ஏழு நிமிடம் வாய் திறக்காமல் மத்தி மீன் சுத்தம் செய்கிறார். நாளிதழின் நட்சத்திரப் பட்டியலில் நான்கு விமர்சகர்கள் ஐந்து நட்சத்திரம் போட்டார்கள்: நிஜ விதவையின் நிஜத் துக்கம். ஐந்தாமவர், ஒரு நட்சத்திரத்துக்கும் தகுதியில்லை என்று, கறுப்புப் புள்ளி வைத்தார்: ஆறாத துக்கத்தை விற்கும் கயமை. ஐவரும் ஒத்துப்போனது ஒரே விஷயத்தில்தான். அபிலியு செத்துவிட்டார்.

முதல் இரண்டு நாள் ஊர் சிரித்தது. கடையில் "செத்தவருக்கு ஒரு காப்பி" என்றார்கள்; அபிலியுவும் சிரித்தார். மூன்றாம் நாள் படகுத் தலைவர் செஃபரீனு அவரைப் படகில் ஏற்ற முடியாது என்றார். அச்சில் செத்தவனோடு கடலுக்குப் போக ஆட்கள் ஒருவரும் சம்மதிக்கவில்லை. பாதிரியார் புனித நீர் தெளிக்க முன்வந்தார்.

"சாமியாரா இவனைக் கொன்னாரு? கொன்ன பேப்பர்க்காரங்களே, இவன் உசுரோட இருக்கான்னு அச்சுல சொல்லணும். இல்லேன்னா திங்கக்கிழமை இவன் இடத்துல வேற ஆளு" என்றார் செஃபரீனு.

கெட்ட சகுனம் என்று ஒரு படகு இறக்கிவிட்டவனை எங்கள் துறையில் வேறு படகு தொடாது. அபிலியு சீட்டாடப் போவதை நிறுத்தினார். அதுதான் லியோகாடியாவைப் பயமுறுத்தியது. லொரென்சுவுக்குத் தொலைபேசியில் சொன்னார்.

"அம்மா, புதன்கிழமை நடுவர்கள் முடிவு. அதுவரைக்கும் பொறுத்துக்குங்க. அந்த ஏழு நிமிஷம்தான் படமே."

"உங்களுக்குப் புதன், தம்பி. எங்களுக்குத் திங்கள்."

சொல்லிவிட்டாரே தவிர, மனம் கேட்கவில்லை. ஐந்து வாரம் தன் மேசையில் சாப்பிட்ட பையன். தட்டையும் தானே கழுவி வைத்தவன்.

சனிக்கிழமை போர்ட்டோவில் திரையிடல். நடுவர்களும் ஐந்து விமர்சகர்களும் வந்திருந்தார்கள். அபிலியு கோவிலுக்குப் போடும் கோட்டில் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார். விளக்கு எரிந்ததும் ஐந்து நட்சத்திரக்காரர் ஒருவர், லொரென்சுவோடு மேடையேறிய லியோகாடியாவிடம், இழப்பை எப்படித் தாங்கினீர்கள் என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். லொரென்சு லியோகாடியாவின் முகத்தையே பார்த்தார். அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"மனுசா, எந்திரி" என்றார் மூன்றாம் வரிசையைப் பார்த்து. அபிலியு எழுந்தார்.

"இவர்தான் என் புருஷன். செத்தது மாமியார். அந்த ஏழு நிமிஷமும் நான் மீன்தான் கழுவினேன். தம்பி மேல தப்பில்ல, அவர் கேக்கல, நான் சொல்லல. இதை நாளைக்குப் பேப்பர்ல போடுங்க."

யாரும் சிரிக்கவில்லை. முதலில் குறிப்பேட்டை எடுத்தவர் கறுப்புப் புள்ளிக்காரர். பின்னால் அவர் மனமிரங்கி ஒரு நட்சத்திரம் கொடுத்தார். ஐந்து கொடுத்த இருவர் மூன்றாகக் குறைத்தார்கள். துக்கம் போய்விட்டதாம், வெறும் மீன்தான் மிச்சமாம். பரிசு வேறு படத்துக்குப் போனது.

அபிலியு உயிரோடிருக்கிறார் என்று ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் மூன்று வரித் திருத்தம் வந்தது. திங்கள் விடியற்காலை லியோகாடியா அதை வெட்டியெடுத்துக்கொண்டு துறைக்குப் போய், செஃபரீனுவுக்கு உரக்கப் படித்துக்காட்டி, அபிலியு ஏறியதும் படகின் சுக்கான் அறைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டு ஏலக் கூடத்துக்கு வேலைக்குப் போனார்.