நான்கு நாளில் இறங்கிய விலை

எங்கள் பழைய துணி துவைக்கும் இயந்திரம் கெட்டுப்போன பிறகு இரண்டு மாதம் கையால்தான் துவைத்தேன். என் வீட்டுக்காரர் லோரிப் பட்டறையில் மெக்கானிக். அவருடைய சட்டையில் ஏறியிருக்கும் கறுப்பு எண்ணெயைப் பிரஷ் போட்டுத் தேய்த்துத் தேய்த்து என் வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. ஈப்போவில் ஒரு கிளினிக்கின் முகப்பில் எனக்கு வேலை. நோயாளிகளின் பெயரை எழுதக்கூடக் கை வலித்தது. அங்கிருக்கும் டாக்டரே, “மருந்து வேணாம், முதல்ல மெஷின் வாங்குங்க” என்று சொல்லிவிட்டார்.

ஒரு சனிக்கிழமை மின்சாரப் பொருள் விற்கும் ஒரு பெரிய கடைக்குப் போனோம். உள்ளே எங்கு பார்த்தாலும் சிவப்பு ஒட்டுத்தாள். ஒவ்வொரு பொருளிலும் ஒரு பெரிய விலையைக் கோடு போட்டு அடித்து, கீழே தள்ளுபடி செய்த கழிவு விலையை எழுதியிருந்தார்கள். எங்களைக் கவனிக்க வந்தது ஒரு தமிழ்ப் பெண். இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது.

“ஆயிரத்து எண்ணூத்தி தொண்ணூத்தொம்பது வெள்ளிக்கு வித்த மெஷின் அக்கா. இப்ப ஆயிரத்து இருநூத்தி தொண்ணூத்தொம்பதுதான். நாளையோட ஆஃபர் முடியுது. இதுக்கு மேல இறங்காது லா.”

அறுநூறு ரிங்கிட் மிச்சம் என்று நாங்களும் சந்தோஷமாக வாங்கிவிட்டோம். திங்கட்கிழமை வீட்டுக்கு வந்து பொருத்தினார்கள். புதன்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது என் வீட்டுக்காரர் கைப்பேசியை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அதே கடையின் விளம்பரம். அதே இயந்திரம். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது ரிங்கிட்.

“கடையில பெரிய போர்டு இருந்துச்சே, பாத்தியா?” என்றார். “ஏழு நாளுக்குள்ள விலை குறைஞ்சா வித்தியாசத்தைத் திருப்பித் தருவோம்னு. போய்க் கேளு.”

“நீங்க போங்களேன்.”

“நான் போனா சண்டை வரும். நீதான் பொறுமையா பேசுவே.”

நான் கோப்பெங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவள். தோட்டத்துக் கடையில் என்ன சொன்னார்களோ அதுதான் விலை. என் அப்பா சார்டின் டின்னைக் கையில் எடுத்த பிறகும் விலை கேட்கக் கூச்சப்படுவார். கேட்டால் ‘இவனுக்கு வக்கில்லை’ என்று நினைத்துவிடுவார்களாம். அந்தக் கூச்சம் எனக்கும் உண்டு. அது எனக்குப் பிடிக்காது. அதனால்தான் வியாழக்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ரசீதோடு கிளம்பினேன்.

கடை முகப்பில் இருந்தவர் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மேனேஜரைக் கூப்பிட்டார். மேனேஜர் நம்மாள்தான். நெற்றியில் மெல்லிய சந்தனக் கோடு. நான் தமிழில் ஆரம்பித்தேன். அவர் மலாயில் பதில் சொன்னார். “பாராங் ஆஃபர், தா போலே.” கழிவுப் பொருளுக்கு முடியாதாம். சொல்லும்போதே பல்குச்சியால் கடைவாயைக் குத்திக்கொண்டிருந்தார். குத்தி எடுத்ததைப் பார்த்துவிட்டு மறுபடி வாய்க்குள் வைத்தார்.

நான் சுவரில் இருந்த பலகையைக் காட்டினேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேறு கடையில் குறைவாக இருந்தால்தான் வித்தியாசம் தருவார்களாம். தங்கள் கடையிலேயே குறைந்தால் அது சேராதாம்.

“அதாவது அடுத்தவன் கடையில குறைஞ்சா குடுப்பீங்க, நீங்களே குறைச்சா குடுக்க மாட்டீங்க?”

“பெத்துல்,” என்றார். சரிதான் என்று அர்த்தம். கொஞ்சம்கூட வெட்கமில்லாமல் சொன்னார்.

உட்காரச் சொல்லிவிட்டுப் போனவர் ஒரு மணி நேரம் வரவில்லை. நான் உட்காராமல் எங்கள் இயந்திரத்தின் மாதிரி இருந்த இடத்துக்குப் போனேன். விலைத்தாளின் ஓரம் கொஞ்சம் எழும்பியிருந்தது. நகத்தால் நெம்பினேன். அடித்துக்காட்டிய ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சத்துக்கு அடியில் இன்னொரு பழைய தாள், ஆயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது என்றிருந்தது. எனக்குக் கிடைத்தது அறுநூறு ரிங்கிட் கழிவு இல்லை, நூறு ரிங்கிட். பசை நகத்தில் ஒட்டிக்கொண்டது. பாவாடையில் எவ்வளவு துடைத்தும் பிசுபிசுப்புப் போகவில்லை.

அதைப் படம் எடுத்தேன். பக்கத்தில் குளிர்சாதனப் பெட்டி பார்த்துக்கொண்டிருந்த ஒரு சீனத் தம்பதியும் எட்டிப் பார்த்தார்கள். எங்கிருந்துதான் பார்த்தாரோ, மேனேஜர் ஓடிவந்தார். இப்போது அவருக்குத் தமிழ் வந்துவிட்டது.

“அக்கா, எதுக்குக்கா படமெல்லாம்? நம்ம ஆளுங்க நீங்க. உங்களுக்குச் செய்யாம யாருக்குச் செய்யப் போறேன்? வாங்க.”

அந்தப் பல்குச்சியைவிட அந்த ‘அக்கா’தான் எனக்கு அருவருப்பாக இருந்தது.

கையெழுத்துப் போடச் சொல்லி மேசையில் ஒரு பாரத்தை நீட்டினார். கிளினிக்கில் தினமும் பாரம் பார்க்கிறவள் என்பதால் முழுவதும் படித்தேன். விற்பனையாளர் தவறான விலைத் தகவல் தந்ததால் வித்தியாசத் தொகை வழங்கப்படுகிறது என்று மலாயில் அச்சடித்திருந்தது. கீழே, எங்களுக்கு மெஷின் விற்ற அந்தப் பெண்ணின் பெயரை ஏற்கனவே எழுதிவிட்டார்கள்.

“அந்தப் பொண்ணு தப்பாச் சொல்லலையே. நீங்க சொல்லச் சொன்னதைத்தானே சொல்லிச்சு?”

“பாரம் அப்படித்தான் இருக்கும் லா. எல்லாரும் சைன் போடறதுதான்.”

அந்தப் பெண் நாலு எட்டு தள்ளி நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். வாடிக்கையாளர்களுக்கென்று பழகிய சிரிப்பு. அதில் எனக்கு வேண்டியதை நான் படித்துக்கொண்டேன். அவளே ஒன்றும் சொல்லவில்லை, நமக்கென்ன என்று தோன்றியது. மணி நாலரை. வீட்டுக்காரர் போனில் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். கையெழுத்துப் போட்டேன்.

பணம் தரவில்லை. முந்நூறு ரிங்கிட்டுக்கு வவுச்சர் தந்தார்கள்.

வாசல்வரை அந்தப் பெண் கூட வந்தாள். அப்போதுதான் கேட்டேன், “இதை உன் சம்பளத்துல புடிப்பாங்களா?”

“சம்பளத்துல இல்லக்கா, கமிஷன்ல முந்நூறையும் போத்தோங் பண்ணுவாங்க. பரவால்ல.”

“முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?”

“மேனேஜர் பக்கத்துல இருந்தாரு.”

திரும்பி உள்ளே போய், பாரத்தைக் கிழித்துவிடுங்கள், எனக்கு வவுச்சர் வேண்டாம் என்றேன். சிஸ்டத்தில் ஏறிவிட்டது, இனி எடுக்க முடியாது என்றார் மேனேஜர். அந்த வவுச்சரை வாங்க இரண்டு மணி நேரம் ஆனது. திருப்பிக் கொடுக்க வழியே இல்லை. பல்குச்சி இன்னும் அவர் உதட்டோரத்தில்தான் இருந்தது.

“அப்ப அவகிட்டயே பொருள் வாங்கறேன். அந்தக் கமிஷனாவது அவளுக்குப் போகட்டும்.”

அந்தப் பெண்தான் மெதுவாகச் சொன்னாள், “கழிவுப் பொருளுக்கு வவுச்சர் செல்லாதுக்கா.” கடையில் கழிவில்லாத பொருள் எது? நாங்கள் இருவரும் வரிசை வரிசையாகத் தேடினோம். கடைசியில் பேட்டரி, நீட்டிப்பு வயர், இரண்டு இஸ்திரிப் பெட்டி, யாருக்கும் வேண்டாத ஒரு மேசை விளக்கு. சின்னச் சாமான்களுக்குக் கமிஷனே கிடையாது என்பதை, பில் போட்ட பிறகு சொன்னாள்.

சாமான்களைத் தூக்கிக்கொண்டு அவளும் கூட வந்தாள்; கார் நிறுத்துமிடத்தில் பணப்பையைத் திறந்தேன். நூற்றைம்பது ரிங்கிட் இருந்தது. நீட்டினேன். வேண்டாம் என்பாள், நான் வற்புறுத்துவேன், பிறகு பாதியாவது எனக்குத் திரும்பும் என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடியிருக்க வேண்டும். அவள், “தேங்க்ஸ்க்கா” என்று வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்குச் சுருக்கென்றது. அவளுடைய காசையே அவளுக்குக் கொடுத்துவிட்டு, அதிலும் பாதியைத்தான் கொடுத்துவிட்டு, நன்றியும் வாங்கிக்கொண்டு, இன்னும் என்ன எதிர்பார்க்கிறேன்? அன்று அந்த மேனேஜர் மேல் வந்த அருவருப்பைவிட என் மேல் வந்ததுதான் அதிகம்.

வீட்டுக்காரர் பையைக் கொட்டிப் பார்த்தார். “விலை கேட்கப் போனவ ரெண்டு இஸ்திரிப் பெட்டியோட வந்திருக்கே. நல்லாத்தான் இருக்கு.” நடந்ததைச் சொன்னேன். சிரிப்பதை நிறுத்திவிட்டு, “அந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சு பாவம்” என்றார். விலைத்தாள் படத்தைப் பயனீட்டாளர் புகார்ப் பிரிவுக்கு அனுப்பினேன். கிடைத்தது என்று ஒரு பதில் வந்தது, அவ்வளவுதான்.

அடுத்த வாரம் கடையிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்? ஆத்திரத்தோடு ஒன்றை அழுத்தினேன். உடனே அடுத்த கேள்வி வந்தது. உங்களுக்குச் சேவை செய்த ஊழியரின் பெயர் என்ன? காலிக் கட்டத்தில் ஒரு சின்னக் கோடு விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது. நான் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கொல்லைக்குப் போய்த் துணிகளை எடுத்தேன்.